கடைசி பெஞ்சு வரைக்கும்

எவர்சில்வர் டம்ளரில் புளியமுத்து விழுகிற சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. முதல் முத்து விழும்போது டம்ளர் காலியாக இருப்பதால் 'டங்' என்று கேட்கும். பத்துப் பதினைந்து விழுந்த பிறகு சத்தம் அமுங்கிவிடும். 2009இல் தூத்துக்குடியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படித்தேன். அப்போது மூன்று நிமிடம் நான் பேசிய ஒரு பேச்சுக்கு விழுந்த முத்துகள் 31. நான் சொன்ன ஒவ்வொரு 'வந்து'வுக்கும், 'அதாவது'வுக்கும், 'என்னன்னா'வுக்கும் ஒன்று.

பகுதி நான்கில் ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும் என்பது விதி. பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்று வணிகவியல், நான்கில் இப்படி ஏதாவது ஒன்று. பேச்சுக்கலை என்று தமிழ்த்துறை ஒரு பாடம் வைத்திருந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம், இரண்டு கிரெடிட். பெரும்பாலோர் கணினி அடிப்படைகளுக்குப் பெயர் கொடுத்தார்கள். நான் பேச்சுக்கலையில் சேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

முதலாமாண்டில் ஒரு செமினார். 'வணிக வங்கிகளின் பணிகள்' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் பேச வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் தமிழ் வழியில் படித்தவள். மூன்று பக்கத்தை இரண்டு இரவு உட்கார்ந்து எழுத்து விடாமல் நெட்டுரு போட்டேன். மேடை என்று எதுவும் கிடையாது, வகுப்பறைக் கரும்பலகைக்கு முன்னால்தான். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி வரவில்லை. அந்த வரி வராததால் அதற்கு அடுத்த வரியும் வரவில்லை. நெட்டுரு என்பது சங்கிலி மாதிரி, ஒரு கண்ணி விட்டால் மீதி எல்லாம் கிணற்றுக்குள் போய்விடும். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. யாரோ சிரித்தார்கள். 'சரி, உட்காரு' என்றார் ஆசிரியர். அன்றைக்கு வீட்டில் யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. ஒரு வருடம் கழித்து விருப்பப் பாடப் படிவத்தில் டிக் அடித்தபோது மனதில் இருந்தது அந்தக் கரும்பலகைதான்.

பாடம் எடுத்தவரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். முதல் வகுப்பில் அவர் பயத்தைப் பற்றியும் பேசவில்லை, பேச்சுக்கலையின் இலக்கணத்தைப் பற்றியும் பேசவில்லை. நேராக அறையின் கடைசிக்குப் போய், பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு நின்றார்.

"ஒவ்வொருத்தரா முன்னால வாங்க. பேரு, ஊரு, காலையில என்ன சாப்பிட்டீங்க. இந்த மூணையும் சொன்னாப் போதும். எனக்குக் கேட்டா கைய இறக்கிருவேன்."

மொத்தம் 38 பேர். மேலே இரண்டு ஃபேன் கடகடவென்று ஓடின. சன்னலுக்கு வெளியே சாலை. பேரும் ஊரும் எல்லாருக்கும் கேட்டுவிட்டன. காலைச் சாப்பாட்டில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொண்டோம். 'பழைய சோறு' வரை கேட்கும், 'சாப்பிட்டேன்' கேட்காது. என் முறையில் நான்கு தடவை சொன்ன பிறகுதான் ஐயா கையை இறக்கினார்.

அப்புறம் அவர் சொன்ன விளக்கம்தான் இத்தனை வருடத்தில் பேச்சைப் பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான விஷயம். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. யார், எங்கே, எப்போது, எதை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் என்ன செய்தார் என்பதற்கு வருகிறோம். பேசுகிறவருக்கோ மூச்சு முன்பக்கம் நிறைய இருக்கும், கடைசியில் தீர்ந்துவிடும். அதனால் வாக்கியத்தின் உயிர் எங்கே இருக்கிறதோ அங்கே குரல் விழுந்துவிடுகிறது. கரும்பலகையில் இரண்டு வாக்கியம் எழுதினார். 'இந்த மாதம் வரி கட்ட வேண்டும்.' 'இந்த மாதம் வரி கட்ட வேண்டாம்.' கடைசி அசையை முழுங்கிவிட்டால் இரண்டும் ஒன்றுதான். "கேக்குறவன் வரி கட்டுவானா மாட்டானா?" என்று கேட்டார்.

அதற்கு மருந்து கத்துவது இல்லை. வாக்கியத்தைச் சின்னதாக்குவது, வாக்கியம் தொடங்கும் முன் மூச்சு எடுப்பது, கடைசிச் சொல்லைத் தரையில் ஊன்றி வைப்பது மாதிரி வைப்பது. மூன்று வாரம் இதை மட்டும்தான் செய்தோம். செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வராந்தாவின் ஒரு கோடியில் ஒருவர், மறுகோடியில் ஒருவர். வயிற்றில் கை வைத்துப் பார்க்கச் சொல்வார். மூச்சை இழுக்கும்போது தோள் ஏறினால் அது மேல்மூச்சு, வயிறு புடைத்தால்தான் பேச்சுக்கான மூச்சு.

புளியமுத்து ஐந்தாவது வாரம் வந்தது. ஒருவர் பேசும்போது மற்றொருவர் முதல் வரிசையில் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அசைச்சொல் ஒன்று வந்தால் முத்து ஒன்று. முதல் நாளில் எங்களுக்கு அது கொடுமையாகத்தான் இருந்தது. ஒரு 'வந்து' சொல்லி, முத்து விழுந்த சத்தத்தில் பதறி, அந்தப் பதற்றத்திலேயே இன்னொரு 'வந்து' சொல்லி, இன்னொரு முத்து விழும். என் 31 இப்படிச் சேர்ந்ததுதான்.

ஆனால் இரண்டு வாரத்தில் ஒன்று புரிந்தது. 'வந்து' என்று நாம் சொல்வது அடுத்த சொல் கிடைக்காததால் மட்டும் வருவதில்லை. பேச்சுக்கு நடுவே ஒரு மௌனம் விழுந்துவிடுமோ என்ற பதைப்பில் வருகிறது. ஐயா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "சொல்லு கிடைக்கலன்னா வாய மூடிக்கோ. கிடைச்ச பிறகு திற." நான் அப்படியே செய்தேன். ஒரு நிமிடம் வாயடைத்து நின்றுவிட்டதாகவே எனக்குத் தோன்றியது. கடிகாரப்படி இரண்டு விநாடி. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது நான் யோசித்துப் பேசுகிறேன் என்று பட்டிருக்கிறது. வகுப்பில் எண்ணியும் பார்த்தோம். மூன்று நிமிடத்தில் 270 சொற்கள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பையன், நிறுத்திப் பேசப் பழகியபோது 210க்கு வந்தான். சொன்ன விஷயத்தில் ஒன்றும் குறையவில்லை, கேட்டவர்களுக்கு நினைவில் நின்றது கூடியது.

இதே முறையை டோஸ்ட்மாஸ்டர்ஸ் கூட்டங்களிலும் வைத்திருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். மேடையில் பேசப் பழகுகிறவர்களுக்காக 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா அனாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய அமைப்பு அது. அவர்கள் கூட்டத்தில் 'ஆ', 'ம்' என்பவற்றை எண்ணுவதற்கென்றே ஒருவரை உட்கார வைப்பார்கள். எங்கள் ஊரில் அந்த வேலையைப் புளியமுத்து பார்த்தது.

நெட்டுருவை விட வைத்ததும் ஐயாதான். நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டி என்றால் ஆசிரியரோ அம்மாவோ எழுதித் தர, பிள்ளை ஒப்பிக்கும். கை எப்போது மேலே போக வேண்டும் என்பது உட்பட மனப்பாடம். ஐயா எங்களிடம் பஸ் டிக்கெட் அளவுக்கு ஒரு அட்டையைத் தந்து, ஐந்து சொல் மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்றார். என்ன ஐந்து சொல் என்று விழித்தோம். "இங்கிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸுல போறே. வழியில இருக்கிற மரத்தையெல்லாமா மனப்பாடம் பண்ணி வச்சிருக்கே? புதுக்கோட்டை, வாகைகுளம், தெய்வச்செயல்புரம், வல்லநாடு, கே.டி.சி. நகர். ஸ்டாப்பு தெரிஞ்சாப் போதும். நடுவுல பேச்சு வழி கண்டுபிடிச்சுப் போயிரும்." இன்றைக்கும் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் என் கையில் ஐந்து சொல்தான் இருக்கும். ஒரு சொல் மறந்துபோனால் அடுத்த ஸ்டாப்பில் ஏறிக்கொள்ளலாம். கிணற்றில் விழுவதற்கு அங்கே சங்கிலி கிடையாது.

விளிப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருந்தார். 'மேடையில் வீற்றிருக்கும்' என்று ஆரம்பித்து நடுவர், ஆசான்கள், சான்றோர், சக மாணவக் கண்மணிகள் என்று வரிசையாக வணங்கிவிட்டு வருவது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். ஒரு மாணவனுக்கு அதற்கே 50 விநாடி போனது. மூன்று நிமிடத்தில் 50 விநாடி! 'வணக்கம்' என்ற ஒரு சொல் போதும், கேட்க வந்தவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்ளாததுதான் அவர்களுக்குத் தருகிற பெரிய மரியாதை என்றார். எனக்கு இதில் முழு உடன்பாடு. இன்றைக்கும் கல்யாண வாழ்த்திலிருந்து ஓய்வு பெறும் விழா வரைக்கும் பெயர் வரிசையில் பாதிக் கூட்டம் சோர்ந்துபோவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

கை நடுக்கத்துக்கு வருகிறேன். ஏழாவது வாரம் நான் பேசி முடித்ததும் ஐயா வகுப்பைப் பார்த்து, "இந்தப் பிள்ளைக்குக் கை நடுங்குனதை யாரெல்லாம் பாத்தீங்க?" என்று கேட்டார். என் விரல்கள் அட்டையோடு சேர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டதை ஊரே பார்த்துவிட்டது என்றுதான் நான் கூசிப்போய் நின்றேன். கை தூக்கியவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் முதல் பெஞ்சு. உள்ளுக்குள் அடிக்கும் இதயம் நமக்குத்தான் பறைமேளம், எதிரில் இருப்பவருக்கு அது கேட்பதே இல்லை.

பல வருடம் கழித்து இதைப் பற்றிய ஓர் ஆய்வைப் படித்தேன். கென்னத் சவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003இல் வெளியிட்டது. பேசுகிறவர்கள் தங்கள் பதற்றம் வெளியே எவ்வளவு தெரிகிறது என்று நினைக்கிறார்களோ, அந்த அளவுக்கு அது பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அதைவிட முக்கியமானது, 'உங்கள் படபடப்பு நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது' என்று முன்கூட்டியே எடுத்துச் சொல்லப்பட்ட மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்பது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு அந்த இரண்டு கைகள்தான் கண்முன் வந்தன. ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது. பேசப் போகும் முன் 'அமைதியாக இரு' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டவர்களைவிட, 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் நன்றாகப் பேசியிருக்கிறார்கள். பயமும் உற்சாகமும் உடம்பில் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. துடிக்கிற நெஞ்சை அடக்குவது கடினம், அந்தத் துடிப்புக்கு வேறு பெயர் வைப்பது எளிது.

ஒரு நாள் மாலை எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எதிர்க்காற்றில் பேசிப் பழகுவதற்காக. 1908இல் இதே ஊர்க் கடற்கரையில்தான் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மாலைதோறும் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கோரல் மில் தொழிலாளர்கள் அந்தப் பிப்ரவரி கடைசியில் வேலைநிறுத்தம் செய்ததற்குப் பின்னால் அந்தப் பேச்சுகள் இருந்தன. கூட்டத்தில் பேச ஒலிபெருக்கி எதுவும் அப்போது கிடையாது. மார்ச்சில் இருவரையும் கைது செய்தார்கள். பேசியதற்காக சிவாவுக்குப் பத்தாண்டு நாடு கடத்தல் தண்டனை, அவருக்குத் துணை நின்றதற்கும் தான் பேசியதற்குமாக வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை. இரண்டும் மேல்முறையீட்டில் பிறகு குறைந்தன. "ஒரு அரசாங்கம் பேச்சுக்கு இவ்வளவு பயந்திருக்கு. நீங்க பேசப் பயப்படுறீங்க" என்றார் ஐயா. அலைச் சத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நாங்கள் எங்கள் ஐந்து சொற்களைப் பேசினோம். மில் வேலை முடிந்து வந்தவர்களிடம் சிவா பேசினார் என்பதை அன்றைக்குத்தான் நான் யோசித்துப் பார்த்தேன். நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் நின்று காது மரத்துப்போனவர்கள். அவர்களுக்கு எட்டும்படி பேச வேண்டும் என்றால் முதலில் அவர்கள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

திருக்குறளின் அதிகார வரிசையை ஐயா எங்களுக்குச் சுட்டிக்காட்டியதும் அந்த மணலில்தான். 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. அதற்கு முந்தியது, 72, அவையறிதல். அறிதல் முதலில், அஞ்சாமை பிறகு. 'செலச் சொல்லாதார்' என்று அந்தப் பகுதியில் ஒரு சொல் வருகிறது. கற்றதைக் கேட்கிறவர் மனதில் போய்ச் சேரும்படி சொல்லத் தெரியாதவர்கள். அழகாகச் சொல்லாதார் என்றோ, உரக்கச் சொல்லாதார் என்றோ இல்லை. செல்ல வேண்டும், அவ்வளவுதான். அதுவரை நான் பேசும்போதெல்லாம் நான் எப்படித் தெரிகிறேன் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிறகு, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஆரம்பித்தேன்.

கடைசிப் பேச்சுக்குத் தலைப்பு எங்கள் விருப்பம். பாதிப் பேர் அரசியல் மேடைகளின் அடுக்குமொழியை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்படி ஒன்றும் வராது. 'உனக்கு மட்டும் தெரிஞ்சது எதாவது இருக்கா?' என்று ஐயா கேட்டபோது, இல்லை என்றேன். வீட்டுக்குப் போய் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் இருக்கிறது என்று தோன்றியது.

அப்பா உப்பளத் தொழிலாளி. நான் இப்படித் தொடங்கினேன்: "எங்க அப்பா கணுக்கால்ல கொலுசு போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். உப்புத் தண்ணி அது வரைக்கும்தான் நிக்கும்."

கூட்டத்தில் ஓர் அசைவும் இல்லை. மௌனத்தை விட்டுவைத்தேன். அப்புறம் அட்டையில் இருந்த ஸ்டாப்புகள்: மிதி, 24, பலகை, கண், மழை. வருடத் தொடக்கத்தில் பாத்தியின் தரையைக் காலாலேயே மிதித்து மிதித்து இறுக்குவார்கள். அதில் உப்புநீரைப் பாய்ச்சி வெயிலில் வற்ற விடுவார்கள். நீரின் செறிவை டிகிரியில் சொல்வார்கள். 24, 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30க்குப் போய்விட்டால் அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் கசப்பு உப்பு கலந்துவிடும். கருவியை மிதக்கவிட்டுத்தான் அளப்பார்கள். அப்பா தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். விளைந்த உப்பை வாருபலகையால் வரப்புக்கு இழுப்பது, பெண்கள் தலைச்சுமையாகச் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது, வெள்ளை உப்பில் வெயில் பட்டுக் கண்ணில் அடிக்கிற அந்தக் கூச்சம், அதனாலேயே விடிவதற்கு முன்பே வேலைக்குப் போவது. ஒரு கைப்பிடி கல்லுப்பைக் கொண்டுபோயிருந்தேன், முதல் பெஞ்சில் கொடுத்துப் பின்னால் அனுப்பச் சொன்னேன். அது கை மாறி மாறிக் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் குரலும் அங்கே இருந்தது.

முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அப்ப மழை பெஞ்சா உங்க அப்பாவுக்கு வேலை?" என்று கேட்டான். மழை என்பது நான் மறந்துவிட்ட ஐந்தாவது ஸ்டாப். அவனே அங்கே போய் ஏறியிருந்தான். ஐப்பசியில் மழை இறங்கினால் அம்பாரத்தைக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு வந்துவிடுவார்கள், அப்புறம் தை வரைக்கும் கிடைத்த வேலைதான் என்று சொன்னேன். டம்ளரில் நான்கு முத்து. ஐயா பின்சுவரில் சாய்ந்திருந்தார், கை காதுக்குப் போகவே இல்லை.

மூன்றாமாண்டில் ஆங்கில செமினார் மறுபடி வந்தது. உப்பின் அடக்கவிலைக் கணக்கை எடுத்துக்கொண்டு, அதே ஐந்து சொல் அட்டையோடு போனேன். காலங்கள் தப்பின, ஒருமை பன்மை தப்பியது. ஆனால் நிற்காமல் முடித்தேன். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்லூரிகளில் பேச்சுத்திறன் பயிற்சி என்றாலே ஆங்கிலத்தில் பேச வைப்பது என்று ஆகிவிட்டது. தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைக்கு அங்கே ஒரே நேரத்தில் இரண்டு பயம். மொழி பயம் வேறு, அவை பயம் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தலையில் ஏற்றினால் பிள்ளை உட்கார்ந்துவிடும், தனக்குப் பேசவே வராது என்று வாழ்நாள் முழுக்க நம்பிவிடும். நானும் ஒரு வருடம் அப்படித்தான் நம்பினேன். முதலில் சொந்த மொழியில் நிற்கப் பழக வையுங்கள். மூச்சும் நிறுத்தமும் ஸ்டாப்புகளும் எந்த மொழிக்கும் கூடவே வரும். அந்த 30 மணி நேரம் எனக்குக் கிடைக்காமல் போயிருந்தால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், அது கிடைக்காத பிள்ளைகளை நினைத்து மனம் பொறுக்கமாட்டேன் என்கிறது.

போன மே 1ஆம் தேதி எங்கள் ஊராட்சியில் கிராம சபை. கோயிலுக்கு முன்னால் பந்தல் போட்டு, மைக் வைத்திருந்தார்கள். இரண்டு பேர் பேசியதுமே மைக் மக்கர் பண்ணிவிட்டது. பெண்கள் எல்லாரும் வேப்பமரத்தடியில், ஆண்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர்ப் பிரச்சினை தீர்மான நோட்டில் ஏற வேண்டும் என்று எழுந்தேன். கை நடுங்கியது, எப்போதும் போல. முதல் வாக்கியம் சொல்லும்போதே பார்த்தேன், மரத்தை ஒட்டி உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார்.

நிறுத்தினேன். மூச்சை இழுத்துக்கொண்டு, தலைவரைப் பார்த்து நின்றவள் ஆச்சி பக்கமும் கொஞ்சம் திரும்பி, மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"எங்க தெருவுக்குப் பதினோரு நாளா தண்ணி வரல."

ஆச்சி கையை இறக்கினார்.